மலையடிவாரத்து மற்களம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவுகள் தாழ்ந்து வந்து சமவெளியோடு கலக்கும் இடத்தில் போடிநாயக்கனூர் அமைந்துள்ளது. தேனி மாவட்டத்தைச் சார்ந்த இவ்வூர் ஏலக்காய் வாணிகத்தாற் பெயர் பெற்றது. மலைமேல் ஏலத் தோட்டங்களும் காப்பித் தோட்டங்களும் பரந்துள்ளன. அடிவாரத்தில் மாந்தோப்புகளும் இலவ மரங்களும் நிறைந்துள்ளன. விடியற்காலையில் தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டுச் சாலையின் வளைவுகளில் வரிசையாக ஏறிச் செல்லும். மேட்டில் ஏறுதலும் சுமை தூக்குதலும் இங்கு வாழ்வோர்க்குப் புதியன அல்ல.

இத்தகைய ஊரில் பயிலும் மாணவன் ஒருவனோ மாணவி ஒருத்தியோ ஜுஜுட்சு என்னும் மற்போர்க் கலையில் போட்டிக்குச் செல்ல விரும்புவதாகக் கொள்வோம். பெருநகரங்களில் மெத்தை விரித்த பயிற்சிக் கூடங்கள் உண்டு; தேர்ந்த ஆசிரியர் உண்டு; நாளும் பலரோடு பொருதிப் பழகும் வாய்ப்பும் உண்டு. சிற்றூர்களில் இவை யாவும் ஒருங்கே கிடைப்பது அரிது. அதனால் அம்மாணவர் தம் விருப்பத்தைக் கைவிட வேண்டுமா?

வேண்டுவதில்லை. ஆயினும், ஊக்கம் ஒன்றே போதும் என்று எண்ணுவதும் தவறாகும். போட்டிக்கு வேண்டியவற்றுள் சில, ஊரிலேயே ஆக்கிக்கொள்ளத் தக்கவை. சில, பிற இடம் சென்றே பெறத் தக்கவை. இவ்விரண்டையும் பிரித்தறிந்து, முன்னதை ஊரில் முயன்று செய்து, பின்னதைத் தேடிச் செல்பவனே வளம் குறைந்த இடத்திலிருந்தும் களம் புகுதற்கு உரியவன் ஆவான்.

ஜுஜுட்சு ஜப்பான் நாட்டுக் கலை. 'ஜு' என்னும் சொல் மென்மையை, அஃதாவது வளைந்து கொடுக்கும் தன்மையைக் குறிக்கும்; 'ஜுட்சு' என்பது கலை. மூடிய கதவை ஒருவன் முழு வலிமையோடு தள்ளுகின்றான். அப்பொழுது உள்ளே இருப்பவன் திடீரெனத் தாழை நீக்கினால், தள்ளியவன் தன் வலிமையாலேயே நிலைகுலைந்து விழுவான். எதிரியின் வலிமையை வலிமையால் தடுக்காமல், அதற்கு இடங்கொடுத்து, அவனது நிலை தளர்ந்த நொடியில் அவனை வீழ்த்துதல் இக்கலையின் அடிப்படை. வீழ்த்திய பின் தரையில் அவனைப் பிடித்து அடக்குதலும், கை மூட்டுகளைப் பூட்டிப் பணிய வைத்தலும் இதன் பிற பகுதிகள்.

பிடித்துப் பொருதும் கலை தமிழர்க்குப் புதியதன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது வென்ற செய்தியைப் புறநானூறு கூறுகின்றது. ஒரு காலை மல்லனின் மார்பில் ஊன்றி, மற்றொரு காலால் அவன் முதுகுப்புறத்தை வளைத்துத் தடுத்த பிடியைப் புலவர் சாத்தந்தையார் தம் பாடலில் காட்டுகின்றார். பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்னும் பட்டம் பூண்டவன். மாமல்லபுரம் அவன் பெயரையே தாங்கி நிற்கின்றது. மல்லர் என்னும் சொல் அக்காலத்தே பெருமைக்குரிய சொல்லாக இருந்தது என்பதற்கு இவை சான்றாகும்.

ஜப்பானில் ஜுஜுட்சுக்குப் புத்துயிர் தந்தவர் ஜிகோரோ கானோ. அவர் 1860இல் பிறந்தவர்; இளமையில் மெலிந்த உடலினர். 1877இல் ஓர் ஆசானிடம் பயிலத் தொடங்கினார். அவரோடு பயின்றவருள் ஒருவர் மிகப் பருத்த உடலினர். அவரைக் கானோவால் வீழ்த்த இயலவில்லை. உள்ளூரில் கற்ற பிடிகள் எவையும் பயன்படாமை கண்டு, கானோ நூல்நிலையம் சென்று மேலைநாட்டு மற்போர் பற்றிய நூல்களைப் படித்தார். எதிரியைத் தோளின் குறுக்கே தூக்கி எறியும் பிடியொன்றை அங்கே கண்டு, பழகி, அப்பருத்த தோழரை வீழ்த்தினார். கூடத்தில் கிடைக்காததை நூலில் தேடிக்கொண்ட செயல் இது.

1882இல் கானோ தோக்கியோ நகரத்துப் பௌத்தக் கோயில் ஒன்றில் தமது பள்ளியைத் தொடங்கினார். அதில் பன்னிரண்டு பாய்கள் விரிக்கும் அளவிற்கே இடம் இருந்தது. முதலில் சேர்ந்த மாணவர் ஒன்பதின்மர். இன்று ஜூடோ என்று உலகெங்கும் வழங்கும் விளையாட்டு அச்சிறிய இடத்திலிருந்தே வளர்ந்தது. அப்பள்ளியில் பயின்ற மித்சுயோ மயேதா என்பவர் 1914இல் பிரேசில் நாட்டை அடைந்தார். அவரிடமிருந்து கிரேசி குடும்பத்தார் கற்றுத் தரைப்பிடிகளைத் தனியே வளர்த்தனர். அதுவே இன்று பிரேசிலிய ஜுஜுட்சு எனப்படுகின்றது. ஜுஜுட்சு 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் முதன்முறையாக இடம் பெற்றது.

இந்தியாவில் இக்கலைக்கு இடந்தந்த பெருமை இரவீந்திரநாத் தாகூருக்கு உரியது. அவர் 1905இல் சானோ ஜின்னோசுகே என்னும் ஜப்பானியரைச் சாந்திநிகேதனுக்கு ஆசிரியராக வரவழைத்தார். மீண்டும் 1929இல் ஷின்சோ தகாகாகி என்பவர் அங்கு வந்து பயிற்றினார். மாணவரோடு மாணவியரும் பயின்றனர். பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென்னின் தாயாராகிய அமிதா சென் அவ்வாறு பயின்றவருள் ஒருவர். நகரத்தின் ஆரவாரத்திற்கு அப்பால் இருந்த அப்பள்ளியில் ஆசிரியர் இல்லை. ஆதலின் அவரைக் கடல் கடந்து அழைத்துவர வேண்டியதாயிற்று. எதனை வெளியிலிருந்து பெற வேண்டும் என்பதைத் தாகூர் நன்கு அறிந்திருந்தார்.

வளம் குறைந்த ஊரிலிருந்து உலகப் போட்டிக்குச் சென்ற மல்லர் ஒருவரின் வரலாறு இக்கருத்தை மேலும் விளக்கும். மராட்டிய நாட்டில் கராட் நகரை அடுத்துள்ள கோலேசுவர் என்னும் சிற்றூரில் 1926ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் காஷாபா தாதாசாகிப் ஜாதவ் பிறந்தார். அவர் தந்தையாரும் மல்லரே. மண் கிளறிய களத்திலேயே ஜாதவ் மற்போர் பயின்றார். உடல் வலிமை, விரைவு, பிடியின் நுட்பம் ஆகிய மூன்றையும் அவர்க்கு அவ்வூர் மண்ணே தந்தது.

1948இல் இலண்டன் ஒலிம்பிக் போட்டிக்கு அவர் சென்றார். கோலாப்பூர் மன்னர் செலவிற்குப் பொருள் உதவினார். அங்கே அவர்க்குப் புதிய இடர் ஒன்று காத்திருந்தது. போட்டி மண்ணில் நடைபெறவில்லை; மெத்தையின்மேல் நடைபெற்றது. விதிகளும் ஊரில் பழகிய விதிகள் அல்ல. ரீஸ் கார்ட்னர் என்னும் அமெரிக்கப் பயிற்சியாளர் அவர்க்கு உதவினார். ஜாதவ் தம் எடைப் பிரிவில் ஆறாம் இடம் பெற்றார். ஊர் தரக்கூடியது எது, தர இயலாதது எது என்பதை அப்போட்டி அவர்க்குத் தெளிவாக்கியது.

அடுத்த நான்கு ஆண்டுகள் அவர் இடைவிடாது பயின்றார். 1952இல் ஹெல்சிங்கி நகருக்குச் செல்லப் பொருள் போதவில்லை. ஊரார் இயன்றதை அளித்தனர். அவர் முன்பு பயின்ற இராசாராம் கல்லூரியின் முதல்வர் கர்டேக்கர், தம் வீட்டை அடகு வைத்து ஏழாயிரம் உரூபாய் தந்தார். மாணவன் ஒருவன் வெல்வான் என்ற நம்பிக்கையில் ஆசிரியர் ஒருவர் தாம் குடியிருந்த வீட்டையே பணயமாக வைத்தார்! ஹெல்சிங்கியில் ஜாதவ் கனடா, மெக்சிகோ, செருமனி ஆகிய நாடுகளின் மல்லரை வென்றார்.

பின்னர் அவர் ஜப்பானிய மல்லர் ஷோகாச்சி இஷியை எதிர்கொண்டார். இஷி இளமையில் ஜூடோ பயின்றவர். போருக்குப்பின் ஜப்பானில் ஜூடோவிற்குத் தடை விதிக்கப்பட்டதால் மற்போருக்கு மாறியவர். கானோவின் பள்ளியிலிருந்து கிளைத்த கலையும், கோலேசுவர் மண்ணில் விளைந்த கலையும் அன்று ஒரே மெத்தையில் எதிர்நின்றன. நெடுநேரம் நடந்த அப்போரில் இஷி வென்றார். இறுதியில் தங்கப் பதக்கமும் பெற்றார்.

அப்போர் முடிந்தவுடன், சோவியத்து நாட்டு மல்லரோடு பொருதுமாறு ஜாதவ் அழைக்கப்பட்டார். இரு போர்களுக்கு இடையே அரைமணி நேர ஓய்வு விதியால் உரியது. ஆனால் அவ்வுரிமையைக் கேட்டு வாதிட இந்திய அலுவலர் எவரும் அவ்விடத்தில் இல்லை என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். களைத்த உடலோடு களம் புகுந்த ஜாதவ் தோற்றார். வெண்கலப் பதக்கம் அவர்க்குக் கிடைத்தது. விடுதலை பெற்ற இந்தியாவிற்கு ஒலிம்பிக்கில் தனியொருவர் வென்ற முதற் பதக்கம் அதுவே. அதற்கு அடுத்த பதக்கத்தை 1996இல் டென்னிசு வீரர் இலியாண்டர் பயசு வெல்லும்வரை 44 ஆண்டுகள் கடந்தன.

ஜாதவ் ஊர் திரும்பியபோது நூற்றுக்கு மேற்பட்ட மாட்டுவண்டிகள் அவரை எதிர்கொண்டு அழைத்தன. அவரோ மற்போர்க் காட்சிகள் நடத்திப் பொருள் ஈட்டி, முதல்வரின் கடனைத் தீர்த்தார். அவர் வரலாற்றில் இரு உண்மைகள் விளங்குகின்றன. வலிமையும் நுட்பமும் சிற்றூரிலேயே விளையும். ஆனால் புதிய களமும், புதிய எதிரியும், விதியறிவும் வெளியிலிருந்தே வரவேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் உழைப்பின் பயனில் ஒரு பகுதி கை நழுவிவிடும்.

இனி, போடிநாயக்கனூர் போன்ற ஊரில் பயில்வோர் எவற்றைத் தாமே ஆக்கிக்கொள்ளலாம் என்பதைக் காணலாம்.

முதலில் வேண்டுவது தரை. ஜப்பானியர் தம் கூடங்களில் விரித்த பாய், நெல் வைக்கோலை இறுக அழுத்தித் தைத்து, அதன்மேல் கோரை வேய்ந்து செய்யப்பட்டதே ஆகும். வைக்கோலும் கோரைப்பாயும் தமிழ் நாட்டில் எங்கும் உள்ளன. கம்பம் பள்ளத்தாக்கு நெல் விளையும் நிலம். ஆதலின் வைக்கோலுக்குக் குறைவில்லை. வைக்கோலைப் பரப்பி, நன்கு மிதித்து இறுக்கி, மேலே தார்ப்பாயை மடிப்பு விழாதவாறு இழுத்துக் கட்டினால் எளிய களம் ஒன்று அமையும். குதிகாலால் அழுத்தினால் உள்ளே புதையாத அளவிற்கு அஃது இறுகியிருத்தல் வேண்டும்.

போடியில் இலவம் பஞ்சு மெத்தைகள் எளிதிற் கிடைக்கும். ஆனால் அவற்றை மட்டுமே விரித்துப் பொருதுதல் நன்றன்று. மிக மென்மையான மெத்தையில் பாதம் புதையும். உடல் திரும்பும்போது புதைந்த பாதம் திரும்பாது. கணுக்காலும் முழங்காலும் முறுக்குண்டு கேடுறும். முதன்முதல் விழப் பழகுவோர்க்கு விழும் இடத்தில் மட்டும் அவை பயன்படும். வைக்கோலும் கிடைக்காத இடத்தில், கல் பொறுக்கிக் கிளறிய மண்களமே போதும். வட இந்திய மல்லர் தம் களத்து மண்ணில் மஞ்சள், எண்ணெய், மோர் முதலியவற்றைக் கலந்து பதப்படுத்துவர்.

தரை அமைந்தபின் முதற் பாடம் வெல்லுதல் அன்று, விழுதல். பின்புறமாக விழும்போது மோவாயை மார்போடு சேர்த்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் பிடரி தரையில் மோதும். கைகளை விரித்து உள்ளங்கையாலும் முன்கையாலும் தரையை அறைதல் வேண்டும். அவ்வாறு அறைந்தால் வீழ்ச்சியின் வேகம் பரந்து குறையும். கையை ஊன்றித் தடுக்க முயல்வோர்க்கு மணிக்கட்டு முறியும். முதலில் குந்தியிருந்தும், பின்னர் நின்றும், அதன்பின் தோழன் எறியவும் விழப் பழகுதல் முறை. விழக் கற்றவனே அச்சமின்றி எழக் கற்பான்.

இரண்டாவதாக வேண்டுவது தோழமை. தனி ஒருவன் எவ்வளவு உழைத்தாலும் பிடிக்கலையைத் தனியே கற்க இயலாது. இருவர் வேண்டும், மூவர் இருப்பின் மிக நன்று. மூவருள் ஒருவன் நடுவே நிற்க, மற்ற இருவரும் இரண்டு நிமிடத்திற்கு ஒருவராக மாறிமாறி அவனோடு பொருதலாம். நடுவே நிற்பவன் களைத்திருக்க, வருபவன் புத்துணர்வோடு வருவான். போட்டிக் களத்தில் நேரும் நெருக்கடியை மூவரே கூடி இவ்வாறு ஆக்கிக்கொள்ள இயலும்.

தோழமைக்கு ஒரு விதி உண்டு. பூட்டப்பட்டவன் கையால் இரண்டு மூன்று முறை தட்டினாலும், வாயால் "போதும்" என்றாலும், பூட்டியவன் அந்நொடியே விடுதல் வேண்டும். தட்டுவது இழிவன்று, விடாமை பெரும்பிழை. மூட்டின் நாண் ஒருமுறை கிழிந்தால் ஆறுதற்குப் பல திங்கள் ஆகும். கழுத்தில் குருதியோட்டத்தைத் தடுக்கும் பிடி சரியாக அமைந்தால், ஏறத்தாழப் பத்து நொடிகளிலேயே ஒருவன் நினைவிழப்பான். ஆதலின் கழுத்துப் பிடிகளையும், முழங்காலை முறுக்கும் பூட்டுகளையும் ஆசிரியர் நேரில் இல்லாதபோது மாணவர் தொடுதலே கூடாது.

சடுகுடு ஆடுவோரும் நல்ல துணையாவர். பாடிவரும் ஆட்டக்காரனின் கணுக்காலைப் பற்றுதலும், இடுப்பை வளைத்துப் பிடித்தலும், பிடியிலிருந்து நழுவிக் கோட்டை எட்டுதலும் சடுகுடுவின் உயிர். ஜுஜுட்சு பயில்வோர் அவர்களிடம் கால் பற்றும் விரைவைக் கற்கலாம். அவர்களும் இவர்களிடம் பிடியை அவிழ்க்கும் முறையைக் கற்கலாம்.

மூன்றாவது, சில பிடிகளைத் தேர்ந்து பழகுதல். ஆசிரியர் வாய்ப்புக் குறைந்த இடத்தில் நூறு பிடிகளை அரைகுறையாக அறிவதினும், நான்கு பிடிகளை ஐயமற அறிதல் மேல். நிற்கும் எதிரியை வீழ்த்த ஒன்று. கீழே அகப்பட்டால் விடுபட ஒன்று. மேலிருந்து அடக்க ஒன்று. கையைப் பூட்டிப் பணியவைக்க ஒன்று. இந்நான்கும் ஒன்றோடொன்று தொடர்ந்து வருமாறு அமைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

ஜப்பானிய ஜூடோ வீரர் மசாகிகோ கிமுரா, காலால் வாரி வீழ்த்தும் தம் பிடியை மரத்தின் அடிப்பகுதியை எதிரியாகக் கொண்டு நாள்தோறும் பலநூறு முறை பழகியவர். மரம் அசையாது, ஆதலின் அவரது வலிமை பெருகியது. அவர் 1951இல் பிரேசில் சென்று எலியோ கிரேசியைத் தோள் மூட்டுப் பூட்டினால் வென்றார். அப்பூட்டை இன்றும் பிரேசிலியர் கிமுரா என்றே வழங்குகின்றனர். வென்றவரின் பெயரைத் தோற்றவர் நாடு ஒரு பிடிக்கு இட்டுப் போற்றுவது சிறந்த பண்பாகும். மரத்தை உதைத்துப் பழகுவது இளம் எலும்புகட்கு ஏற்றதன்று. சாக்கில் மணலும் பழந்துணியும் அடைத்து மனித உருவாகத் தைத்துக்கொண்டால், அதனைத் தூக்கவும் புரட்டவும் அடக்கவும் பழகலாம்.

நான்காவது, உடல் உரம். இவ்வகையில் மலையடிவாரத்து மாணவர் பேறுடையவர். ஜுஜுட்சு போட்டியில் ஒரு போர் ஐந்தாறு நிமிடமே நடக்கும். ஆனால் அந்நேரம் முழுதும் இறுக்குதலும் தளர்த்தலும் மாறிமாறி நிகழும். அதற்கேற்ற பயிற்சியை மேட்டுச் சாலை தருகின்றது. ஒரு நிமிடம் விரைந்து ஏறி, மெல்ல இறங்கி, மூச்சு அமைந்தபின் மீண்டும் ஏறுதல் வேண்டும். ஆறு முறையில் தொடங்கி எட்டு முறை வரை செய்யலாம். இறங்கும்போது ஓடுதல் கூடாது, முழங்கால் தேயும். தோட்டத் தொழிலாளர் மலையில் குறுநடையாக அடியெடுத்து வைப்பதைக் கவனித்தால் இறங்கும் முறை விளங்கும்.

கயிறு ஏறுதல் பிடியின் வலிமையைப் பெருக்கும். மரக்கிளையில் தடித்த துண்டைப் போட்டு, அதன் இரு முனைகளையும் பற்றித் தொங்கினால், எதிரியின் சட்டையைப் பற்றும் விரல்கள் உரம் பெறும். தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் தமிழ் நாட்டுப் பழைய உடற்பயிற்சிகள். இவற்றிற்குப் பெருஞ்செலவு இல்லை. வாரத்தில் ஒரு நாளேனும் ஓய்வு கொள்ளுதல் இன்றியமையாதது. உழைப்பால் தளர்ந்த தசை ஓய்வின்போதே வளர்கின்றது.

மலை வலிமையைத் தருவது போலவே கேட்டையும் தரவல்லது. 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் போடியை அடுத்த குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியது. மலையேறச் சென்றவருள் இருபதின்மருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கோடையில் காய்ந்த புல் நொடியில் பற்றிக்கொள்ளும். ஆதலின் பயிற்சிக்காகக் காட்டினுள் புகுதல் தகாது. ஊரை ஒட்டிய மேட்டுச் சாலையில், போக்குவரத்துக் குறைந்த விடியற்காலையில், பெரியோர் ஒருவர் அறியப் பயில்வதே முறை.

தூய்மையும் பயிற்சியின் ஒரு கூறே. உடலோடு உடல் உரசும் கலையில் படர்தாமரை போன்ற தோல்நோய்கள் எளிதிற் பரவும். நகத்தை ஒட்ட நறுக்குதல், பயிற்சி முடிந்தவுடன் குளித்தல், உடையை நாள்தோறும் துவைத்து வெயிலில் உலர்த்துதல், தார்ப்பாயைக் கழுவுதல் ஆகியவற்றை ஒருவன் தவறவிட்டாலும் எல்லோரும் துன்புறுவர்.

எடையைப் பற்றியும் தெளிவு வேண்டும். போட்டிகளில் வீரர்கள் எடைக்கேற்பப் பிரிக்கப்படுவர். தாழ்ந்த பிரிவில் சேர்ந்தால் எளிதில் வெல்லலாம் என்று எண்ணிச் சிலர் உண்ணாமலும் நீர் பருகாமலும் கம்பளி போர்த்து வியர்த்தும் எடையைக் குறைக்க முயல்வர். 1997ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கக் கல்லூரி மல்லர் மூவர் இவ்வாறு விரைந்து எடை குறைக்க முயன்று, சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து உயிரிழந்தனர். அதன்பின் அந்நாட்டுக் கல்லூரிப் போட்டிகளின் விதிகளே மாற்றப்பட்டன. வளரும் பருவத்தினர் தம் இயல்பான எடை எந்தப் பிரிவிற்கு உரியதோ அப்பிரிவிலேயே பொருதல் வேண்டும்.

இதுகாறும் கூறியவை ஊரில் ஆகக்கூடியவை. இனி, ஊரில் ஆகாதவை மூன்று.

ஒன்று, ஆசிரியரின் கண். பயில்வோன் தன் முதுகைத் தான் காண இயலாது. முழங்கை ஓர் அங்குலம் விலகியிருப்பதையும், இடுப்பு உயர்ந்திருப்பதையும் பிறர் கண்ணே காணும். படக்காட்சிகளைக் கண்டு கற்கும் வாய்ப்பு இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றது. அவை பிடியைக் காட்டும். பிடிப்பவனின் பிழையைக் காட்டா. ஆதலின் திங்களுக்கு ஒருமுறையேனும் மதுரை போன்ற நகரத்திற்குச் சென்று, ஜுஜுட்சு ஆசிரியரையோ, அவர் இல்லையேல் ஜூடோ அல்லது மற்போர் ஆசிரியரையோ கண்டு, தாம் பழகியதைச் செய்துகாட்டித் திருத்தம் பெறுதல் வேண்டும். செல்லுமுன் ஐயங்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டால் அந்த ஒருநாள் பல நாட்களின் பயனைத் தரும்.

இரண்டு, அறியாத எதிரி. ஒரே தோழனோடு நாளும் பொருதுவோன் அத்தோழனை வெல்லும் வழியையே கற்பான். தோழன் எப்பக்கம் திரும்புவான், எப்போது களைப்பான் என்பதை அறிந்து பெறும் வெற்றி கலையின் வெற்றி ஆகாது. இக்குறையை ஓரளவு ஊரிலேயே தணிக்கலாம். தன் ஒரு கையை இடைக்கச்சையில் செருகிக்கொண்டு பொருதலாம். எதிரி தன் மார்பின்மேல் அமர்ந்துள்ள நிலையிலிருந்து தொடங்கலாம். ஆயினும் முற்றும் நீங்க வேண்டுமாயின் புதியவரோடு பொருதியே ஆகவேண்டும். முதற் போட்டியில் தோற்றாலும், புதியவர் பலரைக் கண்டதே பெரும் ஊதியம் ஆகும்.

மூன்று, விதியறிவு. தரைப்பிடிப் போட்டிகளில் எதிரியை வீழ்த்தினாலும், கீழிருந்து அவனைப் புரட்டி மேலேறினாலும், அவன் வயிற்றில் முழங்காலை ஊன்றி நிலைத்தாலும் இரண்டு புள்ளிகள் தருவது வழக்கம். எதிரியின் கால்களின் தடையைக் கடந்து பக்கவாட்டில் அடக்கினால் மூன்று புள்ளிகள்; மார்பின்மேல் அமர்ந்தாலோ, பின்புறம் சென்று கால்களால் பிணித்தாலோ நான்கு. எப்பூட்டுகள் எவ்வயதினர்க்குத் தடை செய்யப்பட்டவை என்பதும் விதிநூலில் உண்டு. போட்டி நடத்துவோரிடமிருந்து விதிகளை முன்னதாகவே கேட்டுப் பெறுதல் வேண்டும். உடன் செல்லும் தோழருள் ஒருவன் விதிகளை முழுதும் படித்து, களத்தின் ஓரத்தில் நிற்றல் நன்று. ஹெல்சிங்கியில் ஜாதவின் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியவர் அத்தகைய ஒருவரே!

போட்டிக்கு முந்திய வாரத்தில் புதிதாக எதனையும் கற்கலாகாது. பழகிய நான்கு பிடிகளை மெல்லச் செய்து பார்த்து, நன்கு உண்டு, நன்கு உறங்குதல் போதும். போட்டி நடக்கும் ஊருக்கு ஒருநாள் முன்னரே சென்று, மெத்தையை மிதித்து அதன் தன்மையை அறிந்துகொள்வது நலம். போடிநாயக்கனூரிலிருந்து வெளியூர் செல்வது இன்று முன்னினும் எளிது. அகலப்பாதை அமைக்கும் பணிக்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் நின்ற இரயில் போக்குவரத்து, 2023ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் மீண்டும் இவ்வூரை எட்டியது.

ஏலச் செடி மலையின் நிழலில் வளர்கின்றது. அதன் காய் பறித்து, உலர்த்தி, தரம் பிரிக்கப்பட்ட பின்னர், மலையிறங்கி ஊர்ச் சந்தைக்கு வந்தே தன் விலையைப் பெறுகின்றது. மற்போர் பயிலும் மாணவரின் முயற்சியும் அத்தகையதே. உரமும் ஒழுங்கும் ஊர் தரும். திருத்தமும் மதிப்பும் வெளியுலகம் தரும். ஊரில் உள்ளதைக் குறையின்றிச் செய்து, இல்லாததை நாணமின்றிக் கேட்டுப் பெறுவோர்க்கு, பன்னிரண்டு பாய்களே விரிந்த இடமும் போதுமானதாகும்.